ஊர் நூலகத்து நெட் வேகத்தைக் கூட்டும் முன்னால் இதைச் செய்து பாருங்கள்

"சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் நூலகத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு சனிக்கிழமைதோறும் ஆன்லைனில் அறிவியல் சொல்லித் தருகிறேன். வீடியோ நின்று நின்று வருகிறது. நண்பர்கள் சேர்ந்து பெரிய பிளானாகப் போட்டுக் கொடுக்கலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பணம் இப்போதைக்கு உங்களிடமே இருக்கட்டும். பிள்ளைகள் ஆளுக்கொரு போனில் வகுப்புக்கு வருகிறார்களா என்று முதலில் கேளுங்கள். வீடியோ கால் மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி இழுக்கும், பத்து போன் என்றால் ஒரே பாடம் ஒரே அறைக்குள் பத்துத் தடவை இறங்குகிறது. ஒரு லேப்டாப், ஒரு ஸ்பீக்கர் போதும். உங்கள் கேமராவையும் அணைத்துவிடுங்கள், குரல் மட்டும் என்றால் மணிக்கு 100 எம்பிகூட ஆகாது (உங்கள் முகம் அவ்வளவு அவசியமில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம்).

அப்புறம், பாடப் பொருளை நூலகத்திலேயே வைத்துவிடுங்கள், இதுதான் பெரிய வேலை. கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளில் தமிழ் விக்கிப்பீடியாவை இறக்கி வைத்துக்கொண்டு நெட் இல்லாமலே படிக்கலாம். கொலிப்ரி இன்னொன்று, கான் அகாடமி என்ற இலவசப் பாடத் தளத்தின் வீடியோ, பயிற்சிகளெல்லாம் அதில் கிடைக்கும், எந்தப் பிள்ளை எதுவரை முடித்திருக்கிறது என்பதும் பதிவாகும். ஆங்கில விக்கிப்பீடியா படங்களோடு 100 ஜிபி அளவுக்கு வரும், அதை ஊர் லைனில் இறக்க வேண்டாம். நீங்கள் அங்கே இறக்கி, ஊருக்கு வருகிறவர் யாரிடமாவது ஹார்டு டிஸ்க்கில் கொடுத்தனுப்புங்கள்.

இதற்கு ஒரு பழைய லேப்டாப்போ, ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டரோ, கூடவே ஒரு வைஃபை ரவுட்டரும் இருந்தால் சரி. அந்த வைஃபையில் சேர்ந்து, பிரவுசரில் அந்தக் கம்ப்யூட்டரின் முகவரியை அடித்தால் பாடங்கள் திறந்துவிடும். ஒரு சிக்கல் மட்டும் கட்டாயம் வரும்: இதில் இன்டர்நெட் இல்லையென்று கண்டுகொண்டு சில போன்கள் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், "சார், ஓப்பன் ஆகல" என்று உங்களுக்குத்தான் கால் வரும். டேட்டாவை அணைத்துவிட்டு உட்காரச் சொல்லுங்கள். ராஸ்பெர்ரி பை என்றால் திடீரென்று கரண்ட் போகும்போது மெமரி கார்டு கெட்டுப்போவது உண்டு, அதனால் சின்ன யுபிஎஸ் ஒன்றும், கார்டின் நகல் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளூரில் பொறுப்பான ஒருவர் இல்லாமல் இது ஓடாது. கல்லூரி படிக்கும் பிள்ளை யாராவது கிடைத்தால் முதல் இரண்டு மாதம் பாடத்தைக் குறைத்துக்கொண்டு அவருக்கே இதைப் பழக்குங்கள், தூரத்துக் கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க் மென்பொருள் வழியாக நீங்களும் பக்கத்தில் இருப்பதுபோலப் பார்த்துக்கொள்ளலாம். வகுப்பு நேரத்தில் ஒரு பெரியவர் அறையில் இருந்தே ஆக வேண்டும். பிள்ளைகள் நம்பரை வாட்ஸ்அப் குழுவில் சேர்க்காதீர்கள், பெற்றோர் நம்பர் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் குரல் விட்டு விட்டு வந்தால் அப்போது பிளானை மாற்றுங்கள். ஊருக்கே வைஃபை என்ற யோசனையும் இருந்தால் 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிஎம்-வாணி திட்டத்தைப் பாருங்கள், லைசென்ஸ் இல்லாமலே டீக்கடைக்காரர்கூட அதில் வைஃபை விற்கலாம். நூலகம் அரசுடையது என்றால் ரவுட்டர் வாங்குவதற்கு முன்பே நூலகரிடம் அனுமதி கேட்டுவிடுங்கள்.