ஹைப்ரிட் காரும் சட்பரி நிக்கலும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெட்ரோல் எஞ்சினோடு பேட்டரியும் மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் கார் வாங்கலாம் என்றிருந்தேன். டொயோட்டாவின் ஹைப்ரிட் காரான ப்ரியஸின் பேட்டரிக்கு நிக்கல் தோண்டித்தான் கனடாவின் சட்பரி பாழானது, ஆயுள் முழுவதுக்குமான மொத்தக் கணக்கில் ஹம்மர் என்ற ராட்சத ஜீப்பே மேல் என்று நண்பர் ஒரு கட்டுரை அனுப்பினார். என் பெட்ரோல் காருக்கு 6 வயது, லிட்டருக்கு 14 கிலோமீட்டர் தருகிறது. மாற்றலாமா?

எஸ்., சேலம்

அன்புள்ள எஸ்.,

அந்தக் கதை 2006, 2007-இல் கிளம்பியது. சட்பரியில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே நிக்கல் எடுத்தார்கள். தாதுவைத் திறந்தவெளியில் விறகின்மேல் குவித்து வறுத்தார்கள்; அந்தக் கந்தகப் புகையில்தான் காடு கருகியது. சுண்ணாம்பு தூவி மரம் நடும் வேலை 1978-இல் தொடங்கிவிட்டது. ப்ரியஸ் வந்ததோ 1997-இல். நிக்கலில் பெரும்பங்கு இன்றும் எவர்சில்வருக்குத்தான் போகிறது. ஹம்மர் கணக்கும் ப்ரியஸின் ஆயுள் 1,09,000 மைல்தான் என்று வைத்துப் போட்டது. டாக்சிகளில் அதைத் தாண்டி ஓடியவை ஏராளம்.

லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு. 14 கிலோமீட்டர் தரும் காருக்குப் பதில் 21 தரும் ஹைப்ரிட் ஓடினால், 100 கிலோமீட்டருக்கு 2.4 லிட்டர், அதாவது 5.5 கிலோ மிச்சம். பேட்டரி, மோட்டார், இன்வெர்ட்டர் செய்வதற்கான கூடுதல் புகையைத் தாராளமாக 1 டன் என்று வைத்தாலும் 18,000 கிலோமீட்டரில் கழிந்துவிடும். இது நகர ஓட்டத்துக்கு. பிரேக் பிடிக்கும்போதுதான் பேட்டரிக்கு மின்சாரம் திரும்புகிறது. நெடுஞ்சாலையிலேயே ஓடுபவருக்கு மிச்சம் நன்றாகக் குறையும்.

உங்கள் கேள்வி வேறு. புதுக் கார் ஒன்றைச் செய்ய சுமார் 6 டன் கரியமில வாயு வெளியேறும். அந்த 1 டன்னையும் சேர்த்தால் 1,27,000 கிலோமீட்டர் ஓட்டினால்தான் கழியும். பழைய காரும் இன்னொருவர் கையில் ஓடத்தான் போகிறது. நன்றாக ஓடும் காரை இதற்காக மாற்றாதீர்கள். அது ஓய்ந்தபின் ஹைப்ரிட் வாங்குங்கள்.

வாங்கினால், பின்சீட்டு ஓரத்தில் இருக்கும் காற்றுத் துளையில் கண் வையுங்கள். பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று அந்த வழியாகத்தான் போகிறது. தூசும் முடியும் அடைத்தால் பேட்டரியின் நடுவிலுள்ள மாட்யூல்கள் (வரிசையாக இணைத்த தனித்தனிப் பேட்டரிப் பெட்டிகள்) முதலில் சூடேறித் தளரும். இரண்டாம் தலைமுறை ப்ரியஸில் 28 மாட்யூல். ஒன்று தளர்ந்தாலே எச்சரிக்கை விளக்கு எரியும். அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் சில மாதத்தில் அடுத்தது போகும். விசிறி, வடிகட்டியை ஒவ்வொரு சர்வீஸிலும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

ஓய்ந்த பேட்டரியைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். நிக்கல் பேட்டரியானால் உள்ளே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம் இருக்கிறது, உடைப்பவர் கையை அரித்துவிடும். 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகள்படி திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. டீலரிடம் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.