இசை கேள்வி பதில்: 48 குரலில் ஓர் ‘ஆ’

கேள்வி: இங்கிலாந்தின் டென் சிசி இசைக்குழு பாடிய ‘ஐம் நாட் இன் லவ்’ பாட்டில் பின்னால் ஒரு பெரிய கோரஸ் வருகிறதே, எத்தனை பேர் பாடியது? எங்கள் குழுவில் மொத்தமே நாலு பேர். அந்த மாதிரி வீட்டிலேயே பண்ண முடியுமா, இல்லை பெங்களூரு ஸ்டூடியோவுக்குத்தான் போகணுமா? வீடு ஹைவே ஓரம்.
(வாசகர், கிருஷ்ணகிரி)

பதில்: மூன்றே பேர், தம்பி. கெவின் காட்லி, லால் கிரீம், கிரஹாம் கோல்ட்மேன் மூவரும் ஒரே ஸ்வரத்தை ‘ஆ’ என்று இழுத்துப் பாட, நாலாவது ஆளான எரிக் ஸ்டூவர்ட் பதிவு செய்தார். திரும்ப அதே ஸ்வரம், திரும்ப அதே, இப்படி 16 தடவை. ஆக ஒரு ஸ்வரத்துக்கு 48 குரல். அப்புறம் அடுத்த ஸ்வரம். இது 1975, கம்ப்யூட்டர் எல்லாம் கிடையாது. ஒவ்வொரு ஸ்வரத்தின் டேப்பையும் சுமார் 12 அடி நீளத்துக்கு வளையமாக ஒட்டி, மைக் ஸ்டாண்டைச் சுற்றி ஓடவிட்டார்கள். மிக்ஸரில் ஒரு ஃபேடருக்கு (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்) ஒரு ஸ்வரம், அதை விரலால் ஏற்றி இறக்கித்தான் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு, மாற்றினார்கள். ஃபேடர் முழுசாகக் கீழே இறங்காதபடி அடியில் பிசின் டேப் ஒட்டிவிட்டதால் எல்லா ஸ்வரமும் மெலிதாகக் கேட்டுக்கொண்டே இருக்கும், பாட்டு முழுக்க மார்கழிப் பனி மாதிரி படர்ந்திருப்பது அதுதான்.

இதே பாட்டை முதலில் போசா நோவா என்ற பிரேசில் தாளத்தில் பதிவு செய்து, பிடிக்காமல் தூக்கிப் போட்டிருந்தார்கள். திரும்ப எடுத்தபோது, எல்லாவற்றையும் குரலாலேயே செய்யலாம் என்று சொன்னது காட்லி. அந்தப் பாட்டுதான் ஜூன் மாதம் இங்கிலாந்தில் முதலிடம், அடுத்த மாதம் அமெரிக்காவில் இரண்டாமிடம்.

பெங்களூரு விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் லண்டனில் உட்கார்ந்து இதைச் செய்யவில்லை, மான்செஸ்டர் பக்கத்தில் ஸ்டாக்போர்ட் என்ற ஊரில், ஸ்டூவர்ட்டுக்குப் பங்கு இருந்த ஸ்ட்ராபெரி ஸ்டூடியோவில் செய்தார்கள். மணிக்கு இவ்வளவு என்று வாடகை ஓடிக்கொண்டிருந்தால் ஒரே ‘ஆ’வை இத்தனை தடவை பாட யாருக்கும் மனசு வராது. உங்களுக்கு வீட்டில் அந்த நேரம் இருக்கிறது, அதை விடாதீர்கள்.

ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள் இலவசம், அதுவே போதும். காதில் சுருதி போட்டுக்கொண்டு பாடுங்கள். ஒரு தடவை பாடியதையே காப்பி எடுத்து அடுக்கினால் சத்தம் கூடுமே தவிர கோரஸ் வராது, ஒவ்வொரு தடவையும் சுருதியிலும் நேரத்திலும் வருகிற மயிரிழை வித்தியாசம்தான் கூட்டமாகக் கேட்க வைக்கிறது, அதனால் பொறுமையாகப் புதிதாகவே பாடுங்கள். இரண்டு மூன்று டேக்குக்கு (ஒரு தடவை பாடிப் பதிவு செய்வது ஒரு டேக்) ஒருதரம் மைக்கிலிருந்து தள்ளியோ இடம் மாறியோ நில்லுங்கள், பிறகு இடது வலதாகப் பிரித்து வையுங்கள். ஒன்று முக்கியம். லாரி ஹாரன் ஒரு டேக்கில் விழுந்தாலும் வளையமாக ஓடும் லூப்பில் அது சுற்றிச் சுற்றி வரும், அந்த டேக்கை இரக்கமே இல்லாமல் அழித்துவிடுங்கள்.

கேள்வி: காதல் இல்லை, இல்லை என்று பாடுகிற பாட்டை எப்படிக் காதல் பாட்டு என்கிறார்கள்?
(வாசகி, அரூர்)

பதில்: ‘உன்னைக் காதலிக்கிறேன் என்று நீ அடிக்கடி சொல்வதில்லையே’ என்று பாட்டை எழுதிய ஸ்டூவர்ட்டிடம் அவர் மனைவி கேட்டாராம். சும்மா சொல்லிக்கொண்டே இருந்தால் அந்த வார்த்தைக்கு மதிப்பு போய்விடும் என்று நினைத்த ஸ்டூவர்ட், சொல்லாமல் சொல்ல ஒரு வழி தேடினார். அவளுடைய படத்தைச் சுவரில் மாட்டியிருப்பது ஒரு கறையை மறைக்கத்தான் என்று பாடுகிறவன் சாதிக்கிறானே, அதை யாராவது நம்புவார்களா? எனக்கு மொத்தப் பாட்டிலும் பிடித்த இடம் அதுதான்.

கேள்வி: கல்யாண ரிசப்ஷனில் இதை வாசிக்கலாமா?
(வாசகர், பாலக்கோடு)

பதில்: தாராளமாக. ஆல்பத்தில் ஆறு நிமிடம் ஓடுகிற பாட்டு, நடுவில் ஒரு பெண் கிசுகிசுக்கிற பகுதி மண்டபச் சத்தத்தில் எடுபடாது, அதை வெட்டிவிடுங்கள். கோரஸை முன்கூட்டியே பதிவு செய்து கீபோர்டில் ஏற்றிக்கொண்டு போங்கள். சாப்பாட்டுப் பந்தி ஆரம்பித்த பிறகு வாசித்தால் நன்றாக இருக்கும்.