வீடு வாங்குவோர் கேள்வி-பதில்: சொலிசிட்டரை யார் தெரிவு செய்வது?

இங்கிலாந்தில் வீடு வாங்குவது பற்றி இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, வாங்கும் சட்ட வேலையைச் செய்துதரும் வழக்கறிஞரான சொலிசிட்டரைத் தெரிவு செய்வதைச் சுற்றியே இருந்ததால், அவற்றை ஒன்றாகத் தொகுத்துப் பதில் தருகிறேன்.

கேள்வி: நாங்கள் லண்டன் ஹரோவில் வசிக்கிறோம். மகனுக்கு வட இங்கிலாந்தின் டர்ஹமில் வேலை கிடைத்திருப்பதால் அங்கே ஒரு வீடு வாங்குகிறோம். உள்ளூர் சொலிசிட்டரே நல்லது என்கிறார்கள். எங்கள் தெருவிலேயே ஒருவர் இருக்கிறார். அவர் போதுமா?

பதில்: உள்ளூர் என்றால் உங்கள் ஊர் அன்று, வீடு இருக்கும் ஊர். இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் ஒரே நிலச் சட்டம்தான். நிலப் பதிவகமான லாண்ட் ரெஜிஸ்ட்ரியின் பதிவுகளையும், வீட்டைப் பற்றிக் கவுன்சிலிடம் கேட்டுப் பெறும் விவரங்களான தேடல்களையும் எந்த ஊரில் இருந்துகொண்டும் பெறலாம் என்பதால், ஹரோ சொலிசிட்டர் இந்த வேலையைச் செய்யச் சட்டத்தில் தடையில்லை. ஆனால் எந்தத் தேடலைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதை அந்த மண்ணை அறிந்தவரே முதலில் உணர்வார். டர்ஹம் பழைய நிலக்கரிச் சுரங்கப் பூமி. அங்குள்ள சொலிசிட்டர் எவரும் நீங்கள் சொல்லாமலே சுரங்கத் தேடலைச் சேர்ப்பார். கோர்ன்வாலில் தகரச் சுரங்கங்களும் செஷயரில் உப்புநீர் எடுத்ததால் தாழ்ந்த நிலங்களும் இதே போன்றவை. ஹரோக்காரரையே வைத்துக்கொள்வதானால், டர்ஹம் பகுதியில் அவர் அண்மையில் எத்தனை வீடுகளை முடித்தார் என்று கேளுங்கள். பதில் இழுபட்டால் டர்ஹமிலேயே ஒருவரைப் பாருங்கள்.

கேள்வி: ஈஸ்ட்ஹாமில் ஒரு வீட்டுக்கு ஓஃபர் வைத்தோம். தாங்கள் சொல்லும் சொலிசிட்டரைப் பிடித்தால்தான் விற்பவர் ஒப்புக்கொள்வார் என்றும், வெளியாளை வைத்தால் வேலை இழுபடும் என்றும் எஸ்டேட் ஏஜென்ட் சொல்கிறார். வீடு கைநழுவிவிடுமோ என்ற பயத்தில் சம்மதித்துவிடலாமா?

பதில்: சம்மதிக்காதீர்கள். இந்தக் கேள்வி ஏதோ ஒரு வடிவில் எனக்கு இடைவிடாமல் வந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு வீடு கைமாறும்போது யார் யாருக்காக உழைக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஏஜென்ட் விற்பவருக்காக உழைக்கிறார். அவருடைய கமிஷனை விற்பவரே கொடுக்கிறார். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வங்கியின் கடனுக்குப் பாதுகாப்பு உண்டா என்று மட்டுமே பார்க்கிறார். விற்பவரின் சொலிசிட்டர் விற்பவருக்குரியவர். உங்களுடைய நலனைக் காப்பதையே கடமையாகக் கொண்ட சட்ட அறிஞர் இந்த முழு வேலையிலும் ஒருவரே, அவர் உங்கள் சொலிசிட்டர். அவரையும் எதிர்த்தரப்பு ஏஜென்ட்டின் கையிலிருந்தே வாங்கிக்கொள்வது எவ்வளவு பெரிய பிழை!

ஏஜென்ட் இவ்வளவு வற்புறுத்துவதற்குப் பெரும்பாலும் பணமே காரணம். தாம் அனுப்பும் ஒவ்வொருவருக்கும் அந்த நிறுவனத்திடமிருந்து அவருக்குப் பரிந்துரைக் கட்டணம் கிடைக்கிறது. அது சில நூறு பவுண் வரை போகும். கன்வேயன்சிங் எனப்படும் வீடு கைமாற்றும் சட்ட வேலையில் இக்கட்டணம் தடைசெய்யப்பட்டதன்று. ஆயினும் அதை உங்களிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய கடமை இரு தரப்புக்கும் உண்டு. ஆகவே முதலில் ஏஜென்ட்டுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, அந்த நிறுவனத்திடமிருந்து எவ்வளவு பெறுகிறார் என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும், வாய்ச்சொல் வேண்டாம். அந்தத் தொகையைக் கொடுத்துவிட்டு மீதியில் வேலை செய்யும் நிறுவனம், ஒரே ஆளிடம் எத்தனை கோப்புகளை ஏற்றிவைத்திருக்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

அடுத்து, மிரட்டலைப் பற்றி. வைக்கப்பட்ட ஓஃபரைத் தாமதமின்றி எழுத்தில் விற்பவருக்குத் தெரிவிப்பது ஏஜென்ட்டின் கடமை. தம்முடைய சேவைகளை எடுத்துக்கொள்ளவில்லை என்பதற்காக ஒருவருக்குப் பாரபட்சம் காட்டுவதை, 1979ஆம் ஆண்டின் எஸ்டேட் ஏஜென்ட்ஸ் சட்டத்தின் கீழ் 1991இல் வந்த ஆணை தகாத நடைமுறை என்று குறிப்பிடுகிறது. மோர்ட்கேஜ் (வீட்டுக் கடன்) புரோக்கரைத் திணிப்பதும் இதில் அடங்கும். இதை மரியாதையாக ஒரு மின்னஞ்சலில் எழுதி, விளக்கம் கிடைக்காவிட்டால் அந்த ஏஜென்ட் பதிவு செய்துள்ள முறைப்பாட்டு அமைப்புக்குப் போவதாகவும் குறிப்பிடுங்கள். ஏஜென்ட் சொல்லும் நிறுவனங்கள் எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் அதை விசாரித்து முடிவு செய்பவர் நீங்களாக இருக்க வேண்டும். இந்தச் சங்கடம் வராமலிருக்க ஒரே வழி, நான் எப்போதும் சொல்வதுதான்: ஓஃபர் வைப்பதற்கு முன்பே சொலிசிட்டரைத் தெரிவு செய்து வைத்திருங்கள்.

கேள்வி: ஒருவர் 500 பவுண் என்கிறார், மற்றவர் 1,900 பவுண் என்கிறார். எது நல்லது?

பதில்: இரண்டு எண்களை மட்டும் எழுதி அனுப்பினால் எவராலும் பதில் சொல்ல முடியாது. வீடு ஃப்ரீஹோல்டா (நிலத்தோடு முழு உரிமை) லீஸ்ஹோல்டா (குறித்த ஆண்டுகளுக்கான குத்தகை உரிமை), மோர்ட்கேஜ் உண்டா, வாட் வரியும் தேடல் செலவும் அந்தத் தொகைக்குள் இருக்கின்றனவா என்ற எதையும் நீங்கள் எழுதவில்லை. 500 என்பது அடிப்படைக் கட்டணமாக மட்டும் இருக்கலாம். அதற்குமேல் லீஸ்ஹோல்டுக்கு ஒரு முந்நூறு, மோர்ட்கேஜுக்கு ஒரு நூற்றைம்பது, ஸ்டாம்ப் டியூட்டி (வீடு வாங்கும்போது கட்டும் வரி) படிவத்துக்கு ஒரு நூறு, உறவினர் அன்பளிப்பாகத் தந்த பணத்தைச் சரிபார்க்க ஒரு நூறு, பிறகு வாட், தேடல்களுக்கு முந்நூறு நானூறு என்று ஏறிக்கொண்டே போனால், இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கும். சொலிசிட்டர் நிறுவனங்கள் வீட்டு வேலைக்கான கட்டண விவரத்தைத் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று, அவர்களைக் கட்டுப்படுத்தும் அமைப்பான எஸ்.ஆர்.ஏ. 2018 டிசம்பரிலிருந்தே விதித்திருக்கிறது. அதைப் படியுங்கள். பிறகு இருவரிடமும் முழுத் தொகையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கையோடு, உங்களுக்குக் கடன் தரும் வங்கியின் பேனலில், அதாவது அது ஏற்றுக்கொண்ட நிறுவனங்களின் பட்டியலில், அவர்கள் இருக்கிறார்களா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் வங்கி தனக்கென வேறொரு சொலிசிட்டரை வைக்கும், அந்தச் செலவும் உங்கள் தலையில்தான் விழும்.

கேள்வி: லைசென்ஸ்ட் கன்வேயன்சர் என்பவர் சொலிசிட்டரைவிடத் தாழ்ந்தவரா?

பதில்: இல்லை. அவர், லைசென்ஸ்ட் கன்வேயன்சர்களுக்கான ஒழுங்குமுறை அமைப்பான சி.எல்.சி.யின் கட்டுப்பாட்டில் வீட்டு வேலையையே தொழிலாகக் கொண்டவர். வழமையான வீட்டுக்கு அவர் போதும். விவாகரத்து, மரணச் சொத்து, எல்லைத் தகராறு என்று ஏதாவது கலந்திருந்தால் சொலிசிட்டரிடம் போங்கள்.

கேள்வி: விற்பவர் எங்கள் உறவினர். இருவருக்கும் ஒரே சொலிசிட்டர் என்றால் செலவு குறையும் அல்லவா?

பதில்: வேண்டாம். நல்ல சொலிசிட்டர் தாமே மறுப்பார். உறவு கெடாமலிருப்பதற்கும் இரண்டு பேர் இருப்பதே நல்லது.

கேள்வி: டெபாசிட்டில் ஒரு பகுதி சீட்டு எடுத்த காசு; இன்னொரு பகுதியை ஊரிலிருந்து மாமா உண்டியலில், அதாவது இடைத்தரகர் வழியாக, அனுப்புகிறார். ஆங்கிலேயச் சொலிசிட்டர் துருவித் துருவிக் கேட்கிறார். தமிழர் ஒருவரிடம் மாறினால் இந்தத் தொல்லை இராதல்லவா?

பதில்: இந்த எண்ணத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். பணம் வந்த வழியை விசாரிப்பது 2017ஆம் ஆண்டின் பணச் சலவைத் தடுப்பு விதிகள் அவர்மேல் சுமத்திய கடமை. தமிழ் பேசுபவருக்கும் அதே விதிதான். தமிழில் விளக்கம் கேட்கலாம் என்பதற்காகத் தமிழ்ச் சொலிசிட்டரைத் தெரிவு செய்வது நியாயமான காரணம். கேள்வி கேட்காமல் விடுவார் என்பதற்காகத் தெரிவு செய்தால், அவரையும் உங்களையும் ஆபத்தில் தள்ளுகிறீர்கள். சந்தேகம் எழுந்தால் அதிகாரிகளிடம் அறிவிக்க வேண்டியவர் அவர். அறிவித்ததை உங்களிடம் சொல்லவும் அவருக்கு அனுமதியில்லை. கோப்பு ஏன் நின்றுவிட்டது என்று தெரியாமலே நீங்கள் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும்.

சீட்டுக்கு மாதாமாதம் வங்கி வழியே கட்டி, எடுத்த தொகையும் வங்கிக்கே வந்திருந்தால், கணக்கு அறிக்கைகளோடு சீட்டு நடத்துபவரின் கடிதத்தையும் கொடுங்கள். பல நிறுவனங்கள் ஏற்கும். எல்லாம் கைக்காசு என்றால் ஏற்பவரைக் காண்பது கடினம். உண்டியல் பணம், முன்பின் தெரியாத எவருடைய கணக்கிலிருந்தோ உங்கள் கணக்குக்கு வருவது. அதை வீட்டுக்குப் பயன்படுத்தவே வேண்டாம். மாமா தம்முடைய வங்கியிலிருந்து நேரே அனுப்பட்டும். அது கடனன்று, வீட்டில் தமக்கு உரிமை கோரமாட்டார் என்ற கடிதமும், அவருக்கு அப்பணம் வந்த வழிக்கான ஆவணமும் வேண்டும். கடன் தரும் வங்கிக்கும் இதைச் சொல்லியாக வேண்டும். இவற்றையெல்லாம் ஓஃபர் வைப்பதற்கு முன்பே சேர்த்துவிட்டால் ஒரு மாதம் மிச்சம்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் அப்பா என் பெயரில் எழுதிய வீடு இருக்கிறது. இங்கே இதுவே முதல் வீடு. முதல்முறை வாங்குவோர் சலுகை உண்டுதானே?

பதில்: இல்லை. உலகின் எந்த மூலையிலும் உங்களுக்கு இதற்கு முன் வீட்டு உரிமை இருந்ததில்லை என்றால்தான் அந்த ஸ்டாம்ப் டியூட்டிச் சலுகை. 2025 ஏப்ரல் முதல் உள்ள வீதப்படி, இங்கிலாந்தில் 4,50,000 பவுண் வீட்டுக்கு வரி சலுகையுடன் 7,500 பவுண், சலுகையின்றி 12,500 பவுண். யாழ்ப்பாண வீட்டில் உங்கள் பங்கு 40,000 பவுணுக்குக் குறையாததாக இருந்து, இப்போது வாங்குவது இரண்டாவது வீடாகிவிட்டால், மேலும் 5 சதவீதம் சேர்ந்து மொத்தம் 35,000 ஆகும். மனைவியின் பெயரில் மட்டும் வாங்கினாலும், சேர்ந்து வாழும் கணவனின் வீடு இந்தக் கூடுதல் வரிக்குக் கணக்கில் வரும். இதை முதல் நாளே சொலிசிட்டரிடம் சொல்லுங்கள். அவர் கேட்கவில்லை என்பதற்காக மறைத்தால் பின்னர் வரியும் அபராதமும் உங்களையே தேடி வரும். "இந்தியாவிலோ இலங்கையிலோ வீடு உண்டா" என்று தாமாகவே கேட்பவர் கிடைத்தால், கட்டணம் சற்றுக் கூடினாலும் அவரையே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குரொய்டனில் ஏழாவது மாடி ஃபிளாட். இரண்டு சொலிசிட்டர்கள் மறுத்துவிட்டார்கள். ஃபிளாட்டில் ஏதோ கோளாறா?

பதில்: அப்படி முடிவு கட்ட வேண்டாம். குறைந்தது 11 மீட்டர் உயரமோ ஐந்து தளங்களோ உள்ள கட்டடங்களில், 2022ஆம் ஆண்டின் கட்டடப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பழுதுநீக்கும் செலவை யார் தாங்குவது என்பதைச் சான்றிதழ்களைக் கொண்டு ஆராய வேண்டியிருக்கிறது. அந்தப் பொறுப்பை ஏற்க விரும்பாமல் பல சிறு நிறுவனங்கள் ஒதுங்குகின்றன; தெரியாத வேலையை மறுப்பது நேர்மையும்கூட. உயர்மாடி லீஸ்ஹோல்டுகளைத் தொடர்ந்து செய்யும் நிறுவனத்தைத் தேடுங்கள். இங்கே தெருமுனை அலுவலகத்தைவிட அனுபவமே முக்கியம்.

கேள்வி: கிளாஸ்கோவில் வீடு வாங்க லண்டன் சொலிசிட்டர் போதுமா?

பதில்: போதாது. ஸ்கொட்லாந்தின் நிலச் சட்டமே வேறு. அங்கே ஓஃபர் வைப்பதும் சொலிசிட்டர் வழியாகவே என்பதால், வீடு பார்க்கத் தொடங்கும்போதே அந்நாட்டுச் சொலிசிட்டர் ஒருவரை அமர்த்துங்கள்.

கேள்வி: சொலிசிட்டரின் வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக மின்னஞ்சல் வந்திருக்கிறது. ஒப்பந்தம் கைமாறும் எக்ஸ்சேஞ்ச் நாளை. டெபாசிட்டை எந்தக் கணக்குக்கு அனுப்புவது?

பதில்: எதற்கும் அனுப்பாதீர்கள். முதல் சந்திப்பில் உங்களுக்குத் தந்த தொலைபேசி எண்ணை அழைத்துக் கேளுங்கள். அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணை அழைக்காதீர்கள்.

கேள்வி: மூன்று வாரமாகச் சொலிசிட்டரிடமிருந்து பதிலே இல்லை. வேறொருவரிடம் மாறலாமா?

பதில்: மாறலாம். ஆனால் செய்த வேலைக்குக் கட்டணம் கேட்பார். புதியவர் கோப்பை முதலிலிருந்து படிக்க வேண்டும். ஆகவே முதலில் அந்நிறுவனத்தில் முறைப்பாடுகளைக் கவனிப்பவருக்கு எழுத்தில் முறையிடுங்கள். எட்டு வாரத்துக்குள் தீர்வு வராவிட்டால், சட்ட சேவைகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் லீகல் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். இனி வேலை கொடுப்பவரிடம், கோப்பைக் கையில் வைத்திருக்கப்போகும் ஆள் யார், அவர் விடுமுறையில் போனால் யார் பார்ப்பார் என்ற இரண்டையும் கேட்டுவிட்டே கையெழுத்திடுங்கள்.

கேள்வி: நாங்கள் வாங்கும் வீட்டில் லொஃப்ட் (கூரைக்கடியில் உள்ள) அறைக்குக் கவுன்சில் சான்றிதழ் இல்லை. விற்பவர் அந்தக் குறைக்காகக் காப்புறுதி எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். நாங்களே கவுன்சிலை அழைத்து விசாரிக்கட்டுமா?

பதில்: அழைக்காதீர்கள். அந்தக் குறையைப் பற்றிக் கவுன்சிலுக்கு ஒருமுறை தெரியப்படுத்திவிட்டால், அவ்வகைக் காப்புறுதியை நிறுவனங்கள் பொதுவாகத் தருவதில்லை. தந்ததும் செல்லாமல் போகலாம். காப்புறுதி காகிதத்தைத்தான் காக்கும், கூரையைத் தாங்காது; ஆகவே அந்த அறையின் தாங்குதிறனையும் தீ பாதுகாப்பையும் ஒரு சர்வேயரைக் கொண்டு தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே கவுன்சிலுடன் பேசிவிட்டிருந்தால், அதை இன்றே சொலிசிட்டருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.