சிறுநீரில் புரதம் கசிந்தால் பக்கவாதம் வருமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 56. பல வருடமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். சமீபத்தில் எடுத்த சிறுநீர்ப் பரிசோதனையில் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம் 85 என்று வந்திருக்கிறது. ரத்தத்தில் கிரியேட்டினின் நார்மல்தான். ‘இது பக்கவாதத்தில் கொண்டுபோய் விடும்’ என்று உறவினர் ஒருவர் பயமுறுத்திவிட்டார். மூளைக்கு ஸ்கேன் எடுக்க வேண்டுமா? – ஒரு வாசகி

பதில்: கை கால் மரத்துப்போவது, பேச்சு குழறுவது போல எதுவும் இதுவரை வந்துபோகவில்லை என்றால், இந்த எண்ணுக்காக மட்டும் ஸ்கேன் தேவையில்லை. அதற்காக 85-ஐ அலட்சியம் செய்துவிடவும் கூடாது.

அல்புமின் என்பது ரத்தத்தில் உள்ள ஒரு புரதம்; கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு. சிறுநீரில் ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குள் அல்புமின் இருந்தால் நார்மல். 30 முதல் 300 வரை மிதமான கசிவு. ரத்தத்தில் கிரியேட்டினின் சரியாக இருக்கும்போதே இந்தக் கசிவு தொடங்கிவிடும். ‘கிட்னி நல்லாத்தான் இருக்கு’ என்று பலர் ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடுவது இதனால்தான்.

சிறுநீரகம், மூளை இரண்டுக்கும் எந்நேரமும் ஏராளமாக ரத்தம் பாய்கிறது. பிரஷர் ஏறினால் அங்குள்ள நுண்ணிய குழாய்கள்தான் அடி வாங்கும். உள்சுவர் பழுதானால் சிறுநீரகத்தில் புரதம் ஒழுகி நமக்குத் தெரிந்துவிடும். மூளையில் அப்படித் தெரியாது. பிரஷர், சுகர் இரண்டையும் கணக்கில் கொண்ட பிறகும், கசிவு உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயம் கூடுதல் என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. பக்கவாதம் வந்தவர்களிலும், கசிவு அதிகம் இருப்பவர்களுக்குப் பாதிப்பு கடுமையாகவும் தேறுவது மெதுவாகவும் இருப்பதைப் பார்க்கிறோம். ஆனால் பக்கவாதமே சில நாள் அல்புமினை ஏற்றிவிடுவதும் உண்டு. ஆக, இந்த எண் அபாயத்தைத்தான் காட்டுகிறது; உங்கள் உறவினர் பயமுறுத்தியதுபோல, பக்கவாதம் வந்தே தீரும் என்று சொல்லும் ஜோசியம் இல்லை இது.

முதலில் உறுதி செய்யுங்கள். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடற்பயிற்சி எல்லாமே இந்த எண்ணை ஏற்றிவிடும். காலையில் கழிக்கும் முதல் சிறுநீரில், சில மாத இடைவெளிக்குள் மூன்று முறை பார்த்து, அதில் இரண்டு முறையாவது அதிகமாக இருந்தால்தான் கசிவு நிஜம்.

அப்புறம் மாத்திரைச் சீட்டைப் பாருங்கள். பெயர் ‘ப்ரில்’ என்றோ ‘சார்டன்’ என்றோ முடிகிறதா? அந்த வகை மருந்துகள் பிரஷரோடு புரதக் கசிவையும் குறைக்கும். இல்லையென்றால் டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக மாற்ற வேண்டாம், ரத்தத்தில் பொட்டாசியம் அளவைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். சுகர், கொழுப்பு இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். புகைப்பவராக இருந்தால் அதை விட்டே ஆக வேண்டும்.

திடீரென வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.