கோழிக்கூட்டின் பிளைவுட் தரைக்கு என்ன பூசலாம்?

பெங்களூரில் மொட்டை மாடிக் கூட்டுக்குப் பிளைவுட் தரை போட்டிருக்கிறீர்கள், அது ஊறாமல் இருக்க என்ன பூசலாம் என்று கேட்கிறீர்கள். எபாக்சி பெயிண்ட் இரண்டு கோட் அடியுங்கள். ஆனால் முதலில் கவனிக்க வேண்டியது ஓரங்களைத்தான், ஏனென்றால் பலகை மேல்பரப்பைவிட வெட்டிய விளிம்பு வழியாகத்தான் வேகமாகத் தண்ணீரை உறிஞ்சும். எங்கள் கூட்டில் ஒரே மழைக்காலத்தில் மூலை அப்பளம் மாதிரி உப்பி, ஏடு ஏடாகப் பிரிந்துவிட்டது. விளிம்பு, ஆணித் துளை, அடிப்பக்கம் எதையும் விடாதீர்கள். அப்புறம், பெயிண்ட் நன்றாகக் காய்ந்து வாடை முழுக்கப் போகும்வரை கோழிகளை உள்ளே விடவே கூடாது, அதுகளுக்கு மூச்சு சீக்கிரம் பாதிக்கும். வழவழப்பான தரையில் கால் வழுக்கும், அதனால் மேலே 3 அங்குலத்துக்கு உமி பரப்புங்கள். ஈரமான உமியை அன்றன்றே அள்ளிவிடுங்கள், எச்சம் ஈரத்தில் கிடந்தால் அமோனியா கிளம்பிக் கண்ணைக் கரிக்கும்.