‘ஃபார்மட் பண்ணட்டுமா’ன்னு கேட்டா வேண்டாம்னு சொல்லுங்க
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்களுக்கு எம்பிராய்டரி ஜாப் ஒர்க்குங்க. பழைய மெஷினுக்குப் பஞ்சிங் பண்ணின (படத்தைத் தையலா மாத்தின) டிசைன் எல்லாம் நாப்பது ஃபிளாப்பியில கெடக்குது. இப்ப ஒரு ரிப்பீட் ஆர்டர் வந்திருக்குது. யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் வாங்கிப் போட்டுப் பார்த்தா பாதி டிஸ்க்கு ‘ஃபார்மட் செய்யவா’ன்னு கேக்குதுங்க. டிசைன் போயிருச்சுங்களா?
– வாசகர், திருப்பூர்

பதில்: ஃபார்மட் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பெரும்பாலும் டிசைன் உள்ளேயேதான் இருக்கும். முதல் வேலையாக நாற்பது டிஸ்க்கிலும் பின்பக்க மூலையில் இருக்கும் சின்னத் தள்ளுபட்டையை நகர்த்தி, ஓட்டை திறந்திருக்கும்படி வையுங்கள். அதன்பிறகு விண்டோஸ் தவறிக்கூட எதையும் எழுத முடியாது.

திறக்காத டிஸ்க் எல்லாம் கெட்டுப்போன டிஸ்க் அல்ல. பழைய எம்பிராய்டரி மெஷின்கள் சில, கம்ப்யூட்டருக்குத் தெரிந்த டாஸ் முறையில் எழுதாமல் தன் சொந்த முறையில் எழுதின. அந்த டிஸ்க் நல்ல நிலையில் இருந்தாலும் விண்டோஸ் ‘ஃபார்மட் ஆகவில்லை’ என்றுதான் சொல்லும். யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவால் அதைப் படிக்கவே முடியாது. எழுதின மெஷின் இன்னும் ஓடினால் அதிலேயே ஏற்றிப் பாருங்கள். மெஷின் போய்விட்டது என்றால், 34 முனை ரிப்பன் கேபிள் உள்ள பழைய உள்டிரைவும், கிரீஸ்வீசில் போல டிஸ்க்கின் காந்தப் பதிவை அப்படியே வாங்கிக்கொள்ளும் சிறு போர்டும் வேண்டும்.

இன்னொன்று, 1.44 எம்பி டிஸ்க்கை 720 கேபி ஆக எழுதியிருப்பது. தள்ளுபட்டைக்கு எதிர்மூலையில் உள்ள ஓட்டையைப் பார்த்துத்தான் டிரைவ் இது எந்த வகை என்று முடிவு செய்கிறது. அந்த ஓட்டையின் மேல் ஒளி புகாத டேப்பை ஒட்டிப் போட்டுப் பாருங்கள். ஒரு நிமிட வேலை, பல டிஸ்க் இதிலேயே திறந்துவிடும்.

மிச்சம் இருப்பவைதான் உண்மையான நோயாளிகள். உலோக மூடியை ஒதுக்கிப் பிடித்து, நடு வட்டைச் சுற்றி, விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வட்டமாகக் கோடு விழுந்து அடியில் வெளிச்சம் தெரிந்தால் அங்கே காந்தப் பூச்சே உரிந்துவிட்டது; அந்தப் பகுதி திரும்பாது. வெள்ளைப் புள்ளியாகவோ புகை படிந்தது போலவோ இருந்தால் பூஞ்சை. பூஞ்சையோடு டிரைவில் போட்டால், டிஸ்க்கைப் படிக்கும் தலை அதை இழுத்து டிஸ்க்கைக் கீறிவிடும், அடுத்தடுத்த டிஸ்க்கையும் கெடுக்கும். மொபைல் சர்வீஸ் கடைகளில் புழங்கும் ஐபிஏ (ஐசோபுரோபைல் ஆல்கஹால்) திரவத்தை, 99 சதவீதம் உள்ளதாகப் பார்த்து வாங்கி, பஞ்சுக்குச்சியில் லேசாக நனைத்து, வட்டைச் சுற்றிக்கொண்டே இரண்டு பக்கமும் ஒற்றி எடுங்கள். அழுத்தித் தேய்க்காதீர்கள். மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டாம். அதில் கலந்திருப்பது படலமாக ஒட்டிக்கொள்ளும். நன்றாக உலரவிட்டு, டிரைவின் தலையையும் அதே திரவத்தால் துடைத்த பிறகே போடுங்கள்.

இனி மிக முக்கியமான படி. ஃபைலைத் திறந்து காப்பி செய்ய முயலாதீர்கள். முழு டிஸ்க்கையும் ஒரே பிரதியாக எடுங்கள். லினக்ஸில் இருக்கும் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் இதற்கென்றே எழுதப்பட்டது. 1.44 எம்பி டிஸ்க்கில் 512 பைட் கொண்ட 2,880 செக்டர்கள், அதாவது சிறு துண்டுகள். முதல் சுற்றில் அது நல்லவற்றை வாங்கிக்கொண்டு கெட்டதைத் தாண்டிப் போகும். பிறகு கெட்டதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கும். எது வந்தது, எது வரவில்லை என்று ஒரு மேப் ஃபைலில் குறித்து வைத்துக்கொள்ளும். அந்த மேப்பை அழிக்காமல் அதே டிஸ்க்கை வேறு டிரைவில் போட்டு ஓட்டினால், விட்டுப்போன செக்டர்களை மட்டும் தேடும். ஒரு டிரைவில் பத்து போயிருந்தால் இன்னொன்றில் ஏழு வந்துவிடுவது உண்டு. காரணம், ஒவ்வொரு டிரைவின் தலையும் மயிரிழை தள்ளித்தான் நிற்கும். தலை விலகிய டிரைவில் எழுதின டிஸ்க்கை அந்த டிரைவ்தான் சரியாகப் படிக்கும். அதனால் பழைய மெஷினில் இருந்து கழற்றிய டிரைவை ஆக்கர் கடையில் போட்டுவிடாதீர்கள்.

பிரதி வந்தும் ஃபைல் பட்டியல் காலியாக இருக்கலாம். ஃபைல் பெயர்களும் அவை எங்கே இருக்கின்றன என்ற முகவரிகளும் முதல் 33 செக்டர்களுக்குள் அடங்கியவை; அது போனாலும் டிசைன் அதற்குப் பின்னால் பத்திரமாக இருக்கும். உங்கள் டிசைன் டிஎஸ்டி என்ற எம்பிராய்டரி ஃபைல் வகை என்றால் இப்படித் தேடுங்கள். ஃபைலில் உள்ளதைப் பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் பிரதியைத் திறந்து, ‘எல்ஏ’ என்ற இரண்டு ஆங்கில எழுத்தும் முக்காற்புள்ளியும் சேர்ந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள். ஒவ்வொரு டிசைனும் அங்கேதான் தொடங்கும். அதற்குக் கீழேயே ‘எஸ்டி’ என்ற குறிப்புக்குப் பக்கத்தில் தையல் எண்ணிக்கை இருக்கும். தலைப்புக்கு 512 பைட், ஒரு தையலுக்கு 3 பைட். 12,400 தையல் என்றால் 37,200 உடன் 512 சேர்த்து 37,712 பைட். அதாவது 74 செக்டர். அவ்வளவையும் வெட்டி எடுத்து டிஎஸ்டி என்று சேமித்தால் டிசைன் திறக்கும். பழைய டிசைனை அழித்து அழித்து எழுதின டிஸ்க்காக இருந்தால் ஒரே ஃபைல் இரண்டு மூன்று துண்டாகப் பிரிந்து கிடக்கும், அப்போது துண்டுகளைத் தேடிச் சேர்க்க வேண்டிவரும்.

நடுவில் ஒரு செக்டர் போனால் சுமார் 170 தையல் போகும். அந்த இடத்தைப் பிரதியில் பூஜ்யமாக விட்டுவையுங்கள், வெட்டி எறியாதீர்கள். வெட்டினால் மூன்று மூன்றாக எண்ணும் கணக்கு தவறி, அதற்குப் பின் வருவதெல்லாம் குப்பையாகிவிடும். விட்டுவைத்தாலும் ஒரு சிக்கல் உண்டு. டிஎஸ்டியில் ஒவ்வொரு தையலும் முந்தையதில் இருந்து எவ்வளவு நகர வேண்டும் என்றுதான் எழுதப்பட்டிருக்கும். அதனால் விட்டுப்போன இடத்துக்குப் பிறகு வரும் பூவெல்லாம் மொத்தமாக ஒரு பக்கம் தள்ளி நிற்கும். பழைய சாம்பிள் துணி இருந்தால் அதன்மேல் அளவுகோல் வைத்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்று பார்த்து, பஞ்சிங் மென்பொருளில் அந்தப் பகுதியைப் பிடித்து நகர்த்துங்கள். டிஎஸ்டியின் அளவு 0.1 மில்லிமீட்டர் என்பதால் துல்லியமாகவே உட்காரும். நூல் நிறம் இந்த ஃபைலில் இருக்காது, எங்கே நிறம் மாற வேண்டும் என்பது மட்டுமே இருக்கும். அதற்கும் அந்தச் சாம்பிள் துணிதான்.

கேள்வி: மகள் கல்யாண போட்டோ 64 ஜிபி பென் டிரைவ்ல இருந்துச்சுங்க. டிவியில பார்த்துட்டு அப்படியே புடுங்கிட்டாங்க. கம்ப்யூட்டர்ல போட்டா ஃபார்மட் கேட்டுச்சு, பையன் குடுத்துட்டான்.
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: பையனைத் திட்டாதீர்கள், அம்மா; ‘குவிக் ஃபார்மட்’ என்ற கட்டத்தில் டிக் இருந்ததா என்று மட்டும் கேளுங்கள். இருந்தது என்றால் எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணைதான் புதிதாக எழுதப்பட்டிருக்கும், போட்டோக்கள் அடியில் அப்படியே இருக்கும். டிக் எடுத்திருந்து, நெடுநேரம் ஓடி முடிந்தது என்றால் முழுவதும் பூஜ்யமாகியிருக்கும், மீட்க வழியில்லை.

இனி அதில் ஒரு போட்டோகூடப் புதிதாகப் போடக் கூடாது. 64 ஜிபிக்கு மேல் காலி இடம் உள்ள லேப்டாப்பில் முழுப் பிரதி எடுத்து, அந்தப் பிரதிமேல் ஃபோட்டோரெக் மென்பொருளை ஓட்டுங்கள். இலவசம்தான். மீட்டதைப் பென் டிரைவிலேயே சேமிக்கச் சொல்லாதீர்கள். படத்தின் பெயரும் ஃபோல்டரும் வராது, எண்ணாகத்தான் வரும்; ஆனால் கேமரா எழுதிய தேதியும் நேரமும் பெரும்பாலும் படத்துக்குள்ளேயே இருக்கும், அதை வைத்து முகூர்த்தம், வரவேற்பு என்று பிரித்துக்கொள்ளலாம். நீளமான வீடியோக்கள் சில பாதியில் அறுந்து வரக்கூடும். போட்டோ எடுத்தவரிடம் மூலப் பிரதி இருக்கிறதா என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள், அவரும் இடத்துக்காக அழிப்பவர்தான்.

கேள்வி: கொப்பரைக் கணக்கு வச்சிருக்கிற எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் ‘டக்... டக்...’ன்னு சத்தம் போடுதுங்க. ஃப்ரீசர்ல வச்சு எடுத்தா வேலை செய்யும்ங்கறாங்களே?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் உள்ளே நீர் கோத்து, தகவல் பதிந்திருக்கும் தட்டின்மேல் படியும். ஒரே ஒரு சோதனை செய்யலாம். ஹப், நீளக் கேபிள் எல்லாம் இல்லாமல், சிறிய கேபிளில் கம்ப்யூட்டரின் பின்பக்க யூஎஸ்பியில் நேராகக் குத்துங்கள். யூஎஸ்பி 2 முனை தருவதாக ஒப்புக்கொள்வது 500 மில்லியாம்பியர். டிஸ்க் சுழலத் தொடங்கும்போது அதைவிட அதிகம் கேட்கும். மின்சாரம் பற்றாமலும் இதே சத்தம் வரும். அப்படியும் டக் டக் என்றால் உடனே கழற்றிவிடுங்கள். தலை அடிபட்டிருக்கலாம், ஓடும் ஒவ்வொரு நிமிடமும் தட்டைச் சுரண்டும்.

வீட்டில் மூடியைத் திறக்க வேண்டாம். அதே மாடல் டிஸ்க்கின் சர்க்யூட் போர்டை மாற்றினால் சரியாகும் என்பதும் இப்போதைய டிஸ்க்குகளில் நடக்காது. அந்தத் தட்டுக்கு உரிய அளவுக் குறிப்புகள் பழைய போர்டின் சிப்பில் இருக்கும், அதையும் பெயர்த்து மாற்ற வேண்டும். கோவையில் டேட்டா மீட்பு செய்யும் இடத்தில் கொடுக்கும்போது, முதலில் பிரதி எடுப்பீர்களா, கிடைக்காவிட்டால் எவ்வளவு கட்டணம், டிஸ்க்கைத் திறந்தாலும் திருப்பித் தருவீர்களா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சந்தையில வாங்கின 2 டிபி பென் டிரைவ்ல கொஞ்சம் ஃபைல்தான் தொறக்குது, மத்ததெல்லாம் பேரு மட்டும் இருக்குதுங்க.
– வாசகர், சோமனூர்

பதில்: போலி டிரைவின் அடையாளம் இது. உள்ளே 32 ஜிபியோ 64 ஜிபியோதான் இருக்கும். 2 டிபி என்று காட்டும்படி சிப்பை மாற்றி எழுதியிருப்பார்கள். நிரம்பிய பிறகு போட்டது எங்கேயும் பதிவாகவில்லை, அதனால் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. திறக்கிற ஃபைலை மட்டும் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு அதை ஒதுக்கிவையுங்கள். அடுத்து வாங்கும்போது, எச்2டெஸ்ட்டபிள்யூ மென்பொருளில் முழுவதும் எழுதிப் படிக்கவிட்டுச் சோதித்துவிடுங்கள். பெரிய டிரைவ் என்றால் ராத்திரி முழுக்க ஓடும். பில்லும் டப்பாவும் கையில் இருக்கும்போதே அதை முடித்துவிட வேண்டும்.