படிவத்தில் ‘இல்லை’ என்று போட்ட சீனி வருத்தம்

கேள்வி: எனக்கு 47 வயது. மட்டக்களப்பில் படுவான்கரையில் இருக்கிறோம். ஒன்பது வருடமாகச் சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கிறது. கணவர் மேசன். நான் வீட்டில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். ஐந்து மாதத்துக்கு முன், புதிதாக ஏஜன்டாகச் சேர்ந்த அக்காவின் மகன் ஒரு பொலிசி போட்டுத் தந்தான். ஆயுள் காப்புறுதி, கூடவே ஆஸ்பத்திரிச் செலவும் கிடைக்குமாம். வருத்தம் ஏதும் உண்டா என்ற இடத்தில் அவனே ‘இல்லை’ என்று போட்டான். “உண்மையப் போட்டா பொலிசி வராது சின்னம்மா, ரெண்டு வருசம் போனா ஒருத்தரும் தோண்ட மாட்டாங்க” என்றான். மாதம் 4,800 ரூபா கட்டுகிறேன். போன மாதம் பக்கத்து வீட்டு அண்ணருக்கு, வருத்தத்தை மறைத்தார் என்று சொல்லிப் பணம் தர முடியாதென்று கடிதம் வந்துவிட்டது. எனக்கு நித்திரையில்லை. இப்போது உண்மையைச் சொன்னால் பொலிசி போய்விடுமா? வேறு கம்பனி என்னை எடுக்குமா? கிளினிக்கிலும் சில மாதம் மருந்து இல்லை, வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு தருகிறார்கள். மூத்த மகள் ஆசிரியை, இன்னும் கலியாணம் ஆகவில்லை.

பதில்: கேள்வியோடு நீங்கள் அனுப்பிய படிவத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய நோய் என்று வரிசையாகப் பெட்டிகள். எல்லாவற்றையும் சேர்த்து மேலிருந்து கீழாக ஒரே கோடு இழுத்து ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறது. கீழே, “மேற்கூறியவை யாவும் உண்மை” என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வாசகம். அதன் கீழே உங்கள் கையொப்பம். எழுத்து அவனுடையதாக இருக்கலாம். சட்டம் முதலில் பார்ப்பது கையொப்பத்தைத்தான்.

ஆயுள் காப்புறுதி வழக்குகளில் நம் நாட்டு நீதிமன்றங்கள் ஆங்கிலச் சட்டத்தைத் தழுவுகின்றன. 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் குடியியல் சட்டக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. காலங்காலமாக வந்த அந்த ஆங்கிலச் சட்டத்தின்படி காப்புறுதி ஒப்பந்தம் சந்தையில் மீன் வாங்குவது போன்றதல்ல. மீனை விற்பவர் வாய் திறக்காமல் இருக்கலாம், புரட்டிப் பார்த்து வாங்குவது வாங்குபவர் பாடு. காப்புறுதியில் உங்கள் உடம்பைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த முக்கியமான சங்கதி ஒவ்வொன்றையும் கம்பனி கேட்டாலும் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பொலிசியைத் தொடக்கத்திலிருந்தே இல்லையென்று ஆக்கக் கம்பனிக்கு இடமுண்டு.

“ஏஜன்டுக்குத் தெரியும்தானே, அவனுக்குத் தெரிந்தால் கம்பனிக்குத் தெரிந்த மாதிரித்தானே” என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1929இல் இங்கிலாந்தில் பஸ் உரிமையாளர்கள் இதையேதான் கேட்டார்கள். நியூஷோம் சகோதரர்கள் வழக்கு என்பார்கள். ஏஜன்டுக்கு உண்மை தெரியும், அவரே படிவத்தில் பிழையாக எழுதினார், இவர்கள் கையொப்பம் வைத்தார்கள். படிவத்தை நிரப்பும்போது அவர் கம்பனியின் ஆள் அல்ல, உங்களுக்காக எழுதிக் கொடுத்தவர் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. கம்பனி வென்றது. எனக்கு இந்தத் தீர்ப்பில் மனம் ஒப்பவில்லை. ஆனால் நாளைக்குக் கம்பனியின் சட்டத்தரணி இதைத் தூக்கிக்கொண்டுதான் மட்டக்களப்பு நீதிமன்றத்துக்கு வருவார்.

இரண்டு வருடக் கதையை அக்காவின் மகனிடம் பொலிசிப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். அப்படி ஒரு வாசகம் இருந்தாலும், வேண்டுமென்று மறைத்தவருக்கு அது கைகொடுக்கும் என்று நம்பி இருக்க முடியாது. தோண்டவும் தேவையில்லை. நாளைக்கு நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்தால் டிஸ்சார்ஜ் ஆகும்போது தரும் டயக்னோசிஸ் காட்டில் ‘டி.எம். 9 வருடம்’ (டி.எம். என்றால் நீரிழிவு) என்று டொக்டர் அரை வரி எழுதுவார். அந்தக் காட் இல்லாமல் கம்பனியிடம் ஒரு சதம் கேட்க முடியாது. அதாவது உங்களுக்கு எதிரான சாட்சியை நீங்களே கொண்டுபோய்க் கொடுப்பீர்கள். பக்கத்து வீட்டு அண்ணருக்கு நடந்ததும் அநேகமாக இதுதான்.

ஆகவே இப்போதே சொல்லுங்கள், எழுத்தில் சொல்லுங்கள். கடிதத்தைக் கம்பனியின் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அக்காவின் மகனிடம் கொடுத்துவிட வேண்டாம். பொலிசி இலக்கத்தைப் போட்டு, இவ்வளவு எழுதினால் போதும்: “எனக்கு இத்தனை வருடமாக நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. படிவம் நிரப்பும்போது இதை உங்கள் முகவருக்கு வாயால் சொன்னேன். படிவத்தில் அது தவறாகப் பதிவாகியுள்ளது. திருத்திக்கொண்டு, பொலிசி தொடருமா, எந்த நிபந்தனையுடன் என்பதை எழுத்தில் அறியத் தரவும்.” வாயால் சொல்லியிருந்தால் மட்டும் அந்த இரண்டாவது வரியை எழுதுங்கள். கிளினிக் கொப்பியின் முதல் பக்கப் பிரதியை இணையுங்கள். தபால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

இனி மூன்றில் ஒன்று நடக்கும். கம்பனி பொலிசியை ரத்துச் செய்யலாம். மோசடி இல்லாத தவறென்றால் கட்டிய பிரிமியத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு நல்ல வாதம் உண்டு. நீங்களாகவே முன்வந்து சொன்ன கடிதம்தான் மோசடி இல்லை என்பதற்கு முதல் சான்று. அல்லது பிரிமியத்தைக் கூட்டியோ நீரிழிவை விலக்கியோ பொலிசியைத் தொடரலாம். மூன்றாவது, பதிலே போடாமல் மாதாமாதம் காசை மட்டும் வாங்கிக்கொண்டிருக்கலாம். இது உங்களுக்கு நல்லது. உண்மை தெரிந்த பிறகும் பிரிமியம் வாங்கினால், பொலிசியை ஏற்றுக்கொண்டீர்கள், இனிப் பின்வாங்க முடியாது என்று வாதிடலாம். அதற்குத்தான் அந்தத் தபால் பற்றுச்சீட்டு.

விலக்கித் தந்தால் அந்த வாசகத்தை யாரையாவது கொண்டு வரிக்கு வரி வாசிப்பியுங்கள். “நீரிழிவு” என்று மட்டும் இருக்கிறதா, “நீரிழிவினால் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஏற்படும் எதுவும்” என்று இருக்கிறதா? இரண்டாவதென்றால் கால் புண், சிறுநீரகம், கண், மாரடைப்பு வரை இழுத்துக்கொண்டு போவார்கள். மிஞ்சுவது டெங்கும் விபத்தும் மாதிரியானவை. அதற்கு மாதம் 4,800 பெறுமதியா என்று கணக்குப் பாருங்கள். என்னைக் கேட்டால், இந்தக் காசைப் போட வேறு இடம் உண்டு என்பேன்.

வேறு கம்பனி உங்களை எடுத்தே ஆக வேண்டும் என்ற சட்டம் இலங்கையில் இல்லை. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை கேட்பது அரசிடம்தான், தனியார் கம்பனியிடம் அல்ல.

உங்கள் வீட்டில் நல்ல வழி ஒன்று இருக்கிறது. மகள் ஆசிரியை. அரச உத்தியோகத்தருக்குத் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் அக்ரஹாரக் காப்புறுதி உண்டு. சம்பளத்திலிருந்து கழிப்பார்கள். அது குழுத் திட்டம், தனிப் பொலிசி மாதிரி ஒவ்வொருவரையும் சோதித்து எடுப்பதல்ல. மணமாகாத உத்தியோகத்தரின் பெற்றோருக்கும் அதில் இடமுண்டு. வலயக் கல்வி அலுவலகத்தில் அந்த விடயத்துக்குப் பொறுப்பான லிகிதரிடம் மகள் கேட்கட்டும்: அம்மா அப்பா பெயர் பதிவில் இருக்கிறதா, வயது எல்லை என்ன, எந்தச் செலவுக்கு எவ்வளவு, எத்தனை நாளுக்குள் கோர வேண்டும். கலியாணம் முடிந்தால் கதை மாறும். அதற்காக மகளின் கலியாணத்தைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை!

மருந்துக்கு வருவோம். கிளினிக்கில் இல்லையென்றால் துண்டில் மருந்தின் இரசாயனப் பெயரை எழுதித் தரக் கேளுங்கள். மெட்ஃபோமின், லொசார்டான் என்று பெயர் ஒன்றுதான், செய்யும் கம்பனிகள் பல, விலைகளும் பல. அரச மருந்துக்கடையான ஒசுசலவில் விலையைக் கேட்டுவிட்டு மற்ற பார்மசியில் வாங்குங்கள். இன்சுலினை மட்டும் டொக்டரைக் கேட்காமல் மாற்ற வேண்டாம். மருந்துகளை ஒழுங்குபடுத்தும் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச சில்லறை விலை கொண்டுவந்தார்கள். பெட்டியில் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபா கேட்டாலும் பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டு 1977க்கு, அதாவது நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு, அழையுங்கள்.

இன்சுலின் மாதக்கணக்கில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் (2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம்) இருக்கிறது. வைத்தியசாலையின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம்: எப்போது முடிந்தது, எப்போது வரும், எங்கே கேட்டிருக்கிறீர்கள். சாதாரணமாக 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயமென்றால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் வர வேண்டும். “இது என் உயிர் சம்பந்தப்பட்டது” என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். சண்டை பிடிக்கப் போகிறோம் என்று நினைக்க வேண்டாம். எழுத்தில் கேள்வி வந்தால் பல இடங்களில் மருந்தை வேறு வைத்தியசாலையிலிருந்தாவது எடுத்து வருவதைக் கண்டிருக்கிறேன். போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ் இருக்கிறது. மற்ற ஆதார, பிரதேச வைத்தியசாலைகளுக்குப் பெரும்பாலும் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரிடம் முறையிட வேண்டும். மாறி அனுப்பினால் இரண்டு மாதம் போய்விடும்.

பக்கத்து வீட்டு அண்ணரிடம் சொல்லுங்கள்: மறுத்த கடிதத்தைக் கிழித்துப் போட வேண்டாம். முதலில் கம்பனிக்கே எழுத்தில் முறைப்பாடு, பிறகு காப்புறுதி ஒம்புட்ஸ்மன் (குறைகேள் அதிகாரி) அல்லது காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. வழக்குப் போட எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம் இருக்கிறது. பொலிசியில் அதைவிடக் குறுகிய காலம் எழுதியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அக்காவின் மகன் மேல் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு போடுவதா, அக்காவின் முகத்தைப் பார்ப்பதா என்பது உங்கள் வீட்டு விஷயம். ஆனால் அவனைக் காப்பாற்றுவதற்காகக் கடிதத்தில் ‘நான்தான் சொல்ல மறந்தேன்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவன் கெஞ்சுவான். அடுத்த பிரிமியத் திகதிக்கு முன் கடிதம் தபாலில் போய்விட வேண்டும்.